கேசரிப் பருப்பு: நஞ்சை நீக்கும் முறையும் நஞ்சைக் கூலியாக அளந்த முறையும்

மத்தியப் பிரதேசத்தின் ரீவா, சத்னா மாவட்டங்களில், கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், கடனால் கட்டுண்டு உழைத்த வேளாண் கூலிகளுக்கு நாட்கூலி பணமாக வழங்கப்படவில்லை. கோதுமை, வாற்கோதுமை, கொண்டைக்கடலை ஆகியவற்றுடன் கேசரிப் பருப்பும் கலந்த 'பிர்ரா' என்னும் கலவைத் தானியமே அளக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் கோதுமையின் பங்கு குறைந்து, கேசரியின் பங்கு கூடியது. ஏனெனில் வறட்சியிலும் சாகாத பயிர் அதுதான். அதை உண்டு உழைத்தவர்களுள் பலருக்கு, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, கால்கள் விறைத்தன. முதலில் ஒரு கோல், பிறகு இரண்டு கோல், இறுதியில் தவழ்தல் என அவர்களது வாழ்க்கை சுருங்கியது. அந்நோய்க்கு மருத்துவம் வைத்த பெயர் லத்திரிசம். கட்டுண்டு உழைத்தவர்களுள் பெரும்பாலோர் கோல் பழங்குடியினரும் பட்டியல் சாதியினரும் ஆவர்.

இதே பருப்பைப் பற்றி இன்று வேறொரு உரையாடல் நடைபெறுகிறது. தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கும் பயிர், புரதம் மிகுந்த பயிர், மறக்கப்பட்ட பயிர் என்று கேசரி மீண்டும் பேசப்படுகிறது. முறையாகப் பதப்படுத்தினால் அச்சமின்றி உண்ணலாம் என்று அறிவியல் கூறுகிறது. அக்கூற்றில் பெருமளவு உண்மை உண்டு. ஆயினும் பதப்படுத்தும் முறை 1960களிலேயே ஆய்வகத்தில் அறியப்பட்டிருந்தது. அது தெரிந்திருந்த நாட்டில் ஏன் கூலிக்காரரின் கால்கள் முடங்கின என்ற கேள்விக்கு உயிர்வேதியியல் நூல்கள் விடை தருவதில்லை. அந்த விடையைக் கூலியிலும் நீரிலும் விறகிலும் சட்டத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

பயிரும் அதன் நஞ்சும்

கேசரிப் பருப்பின் தாவரவியல் பெயர் லத்தைரஸ் சடைவஸ். வடஇந்தியாவில் கேசாரி, தியோரா என்றும், மராத்தியப் பகுதியில் லாக், லாகோடி என்றும் வழங்குவர். தமிழ்நாட்டில் இதனைப் பயிரிடும் வழக்கம் இல்லை. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கலக்கப்படும் கலப்படப் பொருளாகவே, உணவுப் பாதுகாப்புத் துறையின் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள் வழியாக, நாம் இதனை அறிவோம்.

சத்தீஸ்கரிலும் விதர்பாவிலும் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்கிடையே ஈரமண்ணில் கேசரி விதையைத் தூவுவர். உழவு இல்லை, பாசனம் இல்லை, உரம் இல்லை. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் தரிசில் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. விதையில் கால் பங்குக்கும் மேல் புரதம் உள்ளது. வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும் பருப்புப் பயிர்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது முதன்மையானது.

இதன் குறையும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம், 'திரிபுட' என்னும் தானியம் மனிதரை முடமாக்கும் எனக் குறித்துள்ளது. ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன், சாகர் பகுதியில் 1829 முதல் சில ஆண்டுகள் கோதுமை பொய்த்ததையும், வயலில் தானே முளைத்த தியோராவை மக்கள் உண்டு உயிர் பிழைத்ததையும், 1833 முதல் அவ்வூர் இளைஞர்களின் கால்கள் செயலிழந்ததையும் பதிவு செய்தார்.

நோய்க்குக் காரணமான வேதிப்பொருளை 1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா ஆகியோர் பிரித்தெடுத்து அடையாளம் கண்டனர். அதன் சுருக்கப்பெயர் ஓ.டி.ஏ.பி. இது ஒருவகை அமினோ அமிலம். நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்னும் பொருளின் வடிவத்தை இது ஒத்திருப்பதால், நரம்பணுவின் ஏற்பிகளில் சென்று பொருந்தி அதனை ஓயாமல் தூண்டுகிறது. மிகைத் தூண்டலால் நரம்பணு சிதைகிறது. மூளையிலிருந்து கால்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் இயக்க நரம்புப் பாதையே முதன்மையாகத் தாக்கப்படுகிறது. அறிவும் உணர்ச்சியும் குன்றுவதில்லை. ஆயுளும் பெரிதும் குறைவதில்லை. கால்கள் மட்டும் விறைத்து, நடக்கையில் கத்தரிக்கோல் போல் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இப்பாதிப்பை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேசரியை என்றோ ஒருநாள் உண்பதால் இந்நோய் வருவதில்லை. அன்றாட உணவின் பெரும்பகுதி அதுவாகவே இருந்து, அந்நிலை இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும்போதே நோய் தோன்றுகிறது. கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களான மெத்தியோனைனும் சிஸ்டைனும் கேசரியில் மிகக் குறைவு. நரம்பணுக்களைக் காக்க உடலுக்கு அவை தேவை. அரிசி, கோதுமை, கேழ்வரகு போன்ற தானியங்கள் உடன் இருந்தால் அக்குறை ஓரளவு ஈடாகிறது. எனவேதான் சத்தீஸ்கரில் சோற்றுடன் கேசரிப் பருப்பைக் குழம்பாக உண்ணும் உழவர் குடும்பம் நலமாக நடமாடுகிறது. கேசரியையே உணவாக்கிக்கொள்ள நேர்ந்த கூலிக் குடும்பம் முடங்குகிறது. பருப்பு ஒன்றே. தட்டில் அதனோடு வேறென்ன இருக்கிறது என்பதே வேறுபாடு.

நஞ்சை நீக்கும் முறைகள்

ஓ.டி.ஏ.பி. நீரில் எளிதில் கரையும். பதப்படுத்தும் முறைகளில் மிகுதியானவை இந்த ஒரு பண்பையே அடிப்படையாகக் கொண்டவை.

முதலாவது, ஊறவைத்து வடித்தல். தோல் நீக்கி உடைத்த பருப்பை நிறைய வெந்நீரில் பல மணி நேரம் ஊறவைத்து, அந்நீரை முற்றிலும் கொட்டிவிட்டு, புதுநீரில் மீண்டும் அலச வேண்டும். ஐதராபாத்தில் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என அறியப்படும் ஆய்வகத்தில், சி. கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1960களிலேயே இம்முறையை ஆய்ந்து, நஞ்சின் பெரும்பகுதி வெளியேறுவதைக் காட்டினர். குளிர்ந்த நீரில் குறைந்த அளவே கரையும் என்பதால், நீரின் சூடும் அளவும் முக்கியம்.

இரண்டாவது, மிகுநீரில் வேகவைத்து வடித்தல். சோறு வடிப்பதைப் போல நிறைய நீரில் பருப்பை வேகவைத்து, கொதிநீரை வடித்துவிட வேண்டும். ஊறவைத்த நீரையோ வடித்த நீரையோ ரசத்துக்கோ குழம்புக்கோ பயன்படுத்தினால் செய்த வேலை முழுவதும் வீணாகும். பருப்பை விட்டு வெளியேறிய நஞ்சு மீண்டும் தட்டுக்கே வந்து சேரும்.

மூன்றாவது, புழுங்கவைத்தல். நெல்லைப் புழுக்குவதுபோல, முழு விதையை ஊறவைத்து, அவித்து, நீரை அகற்றி உலர்த்துவது. இதனை ஆலையிலும் கூட்டுறவு நிலையத்திலும் பெருமளவில் செய்ய முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு. வீட்டில் ஒவ்வொரு வேளையும் செய்ய வேண்டிய வேலை, பருப்பு வீட்டுக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது.

நான்காவது, புளிக்கவைத்தல். உணவுக்கு உகந்த பூஞ்சைகளைக் கொண்டு பருப்பை நொதிக்கச் செய்கையில் ஓ.டி.ஏ.பி. கணிசமாகச் சிதைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கேசரியை மிகுதியாக உண்ணும் எத்தியோப்பியாவில், பஞ்ச காலத்துக்குப் பின் நடந்த களஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. வறுத்த பருப்பையும், வெறுமனே அவித்த பருப்பையும், பச்சைக் காயையும் உண்டவர்களுக்கு நோய் வாய்ப்பு கூடியது. தானியத்துடன் கலந்து உண்டவர்களுக்கும், வெங்காயம், பூண்டு, இஞ்சி போன்றவை சேர்ந்த குழம்பாக உண்டவர்களுக்கும் அவ்வாய்ப்பு குறைந்தது.

எச்சரிக்கைகளும் உண்டு. வறுப்பதால் நஞ்சு எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனை மட்டும் நம்புதல் தகாது. முளைகட்டினால் எப்பயறும் நலம் தரும் என்ற பொதுவான அறிவுரை கேசரிக்குப் பொருந்தாது. அதன் இளம் நாற்றில் நஞ்சு மிகுதி. நீரை வடிக்கும்போது நஞ்சுடன் நீரில் கரையும் பி வகை உயிர்ச்சத்துகளும் வெளியேறுகின்றன. ஆகவே பதப்படுத்திய கேசரியை மட்டும் உண்டு வாழ்வது தீர்வாகாது. தானியமும் கீரையும் காயும் உடன் வேண்டும்.

நஞ்சுள்ள பயறைப் பக்குவப்படுத்தி உண்ணும் அறிவு ஆய்வகத்தில் மட்டும் பிறந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணி மக்கள், பூனைக்காலி விதையை மீண்டும் மீண்டும் வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டியபின் உண்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள், கசப்பான தார்வி பயறை வேகவைத்து ஓடும் நீரில் பல நாள் போட்டு வைத்து நச்சுப்பொருளைக் கழுவி அகற்றுகின்றனர். இவர்கள் விதையை முழுமையாகக் கையில் பெற்றவர்கள். நீரும் விறகும் நாட்களும் தமக்கென உடையவர்கள். இந்நிபந்தனைகளே ரீவாவின் கூலிகளுக்கு மறுக்கப்பட்டன.

அம்முறைகள் கூலிக்காரரின் அடுப்பை ஏன் எட்டவில்லை

மேற்கண்ட ஒவ்வொரு முறைக்கும் என்னென்ன தேவை என்று பட்டியலிட்டுப் பாருங்கள். தனியாகப் பிரித்த பருப்பு, நிறைய நீர், அந்நீரைச் சுடவைக்க விறகு, பல மணி நேரம், உடன் உண்ணத் தானியம்.

கூலியாக வந்த பிர்ராவில் பருப்பு தனியாக இல்லை. கோதுமையுடனும் கடலையுடனும் கலந்தே அது அளக்கப்பட்டது. கலவையை அப்படியே மாவாக அரைத்து ரொட்டி சுடுவதே வழக்கம். மாவைப் பிசைந்து ரொட்டி தட்டும் முறையில் நீரை வடித்துக் கொட்டும் கட்டமே வருவதில்லை. பிசைந்த நீரும், அதில் கரைந்த நஞ்சும் ரொட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆக, கூலி அளக்கப்பட்ட வடிவமே, நஞ்சை நீக்கும் வழியை அடைத்துவிட்டது.

நீரின் கதை நாம் அறிந்ததே. 1927இல் மகாட் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தியது, பொதுநீர் மீதான உரிமையை நிலைநாட்டவே. குடிக்கவே ஊர்க் கிணற்றை அண்ட முடியாத சேரியில், பருப்பை மும்முறை அலசிக் கொட்ட நீர் எங்கிருந்து வரும்? விறகுக்கும் இதே நிலைதான். காடு வனத்துறையிடம், வரப்பு மரம் நிலவுடைமையாளரிடம். விடியலில் வயலுக்குச் சென்று இருட்டில் திரும்பும் பெண்ணிடம் பல மணி நேரம் ஊறவைத்து, அலசி, வேகவைத்து, வடிக்கச் சொல்லும் அறிவுரை, அவள் நாளின் கணக்கை அறியாதவர் சொல்லும் அறிவுரை.

வறியோருக்குச் சமைக்கத் தெரியவில்லை, அதனால் நோயுற்றனர் என்று பேசுவது இதனாலேயே தவறாகிறது. அறியாமை இருந்திருக்கலாம். ஆனால் அறிந்திருந்தாலும் செய்ய முடியாத நிலையில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதே முதன்மையான உண்மை.

இதற்கு இன்னொரு சான்றை ஐரோப்பா தருகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, ருமேனியாவின் கட்டுப்பாட்டில் இருந்த வப்னியார்கா வதைமுகாமில், 1942-43 குளிர்காலத்தில் யூதக் கைதிகளுக்குக் கேசரிப் பருப்பே அன்றாட உணவாக அளிக்கப்பட்டது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோரின் கால்கள் செயலிழந்தன. கைதிகளுள் ஒருவரான மருத்துவர் ஆர்தர் கெஸ்லர் காரணத்தைக் கண்டறிந்தார். கைதிகள் அவ்வுணவை மறுத்துப் போராடினர். அங்கு முள்வேலி இருந்தது. ரீவாவில் கடன் இருந்தது. உண்பவருக்கு உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இரண்டு இடங்களிலும் ஒரே நோய் விளைந்தது.

ராஜ்மாவை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்து, நீரைக் கொட்டி, நன்கு கொதிக்கவைத்தால் அது அழிந்துவிடும். அதன் கேடு ஓரிரு நாளில் தீரும். கேசரியின் கேடு தீராதது. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ராஜ்மாவை ஒருவரும் தடை செய்யவில்லை. சமைக்கும் முறை தெரிந்து, அதற்கான எரிபொருளும் உள்ளவர்களின் உணவாக அது இருக்கிறது. கேசரியும் அவ்வாறே ஆக முடியுமா என்பது, உண்பவரின் நிலையை மாற்ற அரசு அணியமாக உள்ளதா என்ற கேள்வியைச் சார்ந்தது.

சட்டம் எதைத் தடுத்தது, எதை விட்டுவிட்டது

1961இல் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளின்கீழ் கேசரிப் பருப்பின் விற்பனைக்குத் தடை கொண்டுவரப்பட்டது. அவ்விதிகளின் 44அ விதி, கேசரி விதை, பருப்பு, மாவு, அவற்றின் கலவை ஆகியவற்றின் விற்பனையைத் தடுத்தது. ஆனால் அதன் வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். அந்தந்த மாநில அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளிலிருந்தே தடை நடைமுறைக்கு வரும் என்றது அது. கேசரி மிகுதியாக விளையும் மத்தியப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகியவற்றில் விற்பனைத் தடை நடைமுறைக்கு வரவில்லை. அதாவது நோய் எங்கே இருந்ததோ அங்கே தடை இல்லை. பயிரிடுதல் எங்கும் இவ்விதியால் தடுக்கப்படவும் இல்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. தடை விற்பனைக்கு எதிரானது. கூலியாக அளப்பது விற்பனையா? உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்திலும், 'விற்பனை' என்பதன் வரையறைக்குள் பண்டமாற்றும் அடங்கும். உழைப்புக்கு மாற்றாக உணவுப்பொருளை அளப்பதும் மாற்றே; எனவே தடை நடைமுறையிலுள்ள மாநிலத்தில் கேசரி கலந்த கூலியும் குற்றமே என்பது என் வாதம். ஆனால் உணவு ஆய்வாளர் கடைக்குச் செல்கிறார், களத்துமேட்டுக்குச் செல்வதில்லை. வாங்குவோரைக் காக்க எழுதப்பட்ட சட்டம், விலை கொடுத்து வாங்கும் நிலையிலேயே இல்லாதவரைக் காணவில்லை.

கூலியைப் பற்றிய சட்டங்கள் இதனைக் கண்டிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஊதியம் பணமாகவே வழங்கப்பட வேண்டும் என்றது. பொருளாக வழங்கும் வழக்கம் உள்ள இடத்தில், அரசு தேவையெனக் கருதினால் அறிவிக்கை மூலம் அதனை அனுமதிக்க இடமிருந்தது. அப்பொருளின் பண மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்றும் அது கூறியது. பண மதிப்பைக் கணக்கிடச் சொன்ன சட்டம், அத்தானியம் உண்ணத் தக்கதா என்று கேட்கச் சொல்லவில்லை. கோதுமையும் கேசரியும் எடையில் ஒன்று; உடலில் ஒன்றன்று.

1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கடன்களை அழித்தது, கட்டுண்டவரை விடுவித்தது. 1982இல் மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்கடியால் வேறு வழியின்றி ஏற்றுக்கொள்ளும் வேலையும் கட்டாயத்தின் கீழ் செய்யும் வேலையே என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தத் தர்க்கத்தை உணவுக்கும் நீட்டினால், பசியின் நெருக்கடியால் ஏற்றுக்கொள்ளும் நச்சுத் தானியமும் விருப்பத்தால் உண்ட உணவு ஆகாது.

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினரை உண்ணத்தகாத அல்லது அருவருப்பான பொருளை உண்ணவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவது 1989ஆம் ஆண்டு முதலே வன்கொடுமைக் குற்றம். கட்டாய உழைப்பும் கொத்தடிமை உழைப்பும் அதே 3(1) பிரிவில் குற்றங்களாக உள்ளன. ஒரே நாளில், ஊரறிய, வாயில் திணிக்கப்படும் நஞ்சைச் சட்டம் வன்கொடுமையாகக் காண்கிறது. மூன்று மாதம், நாள்தோறும், படியால் அளந்து கொடுக்கப்படும் நஞ்சை அவ்வாறு காணும் பழக்கம் நம் காவல் நிலையங்களுக்கும் இல்லை, நீதிமன்றங்களுக்கும் இல்லை. இவ்விரு குற்றங்களையும் இணைத்துப் படிக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற வழக்குரைஞர்களுக்கு உண்டு.

உணவு உரிமைச் சட்டமும் நிறைவானதன்று. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. பருப்பு அவ்வுரிமைக்குள் இல்லை. பருப்பை வழங்குவது மாநில அரசின் விருப்பம். புரதம் சட்டப்படியான உரிமையாக இல்லாத வரை, மலிவான பருப்பு எதுவோ அதுவே ஏழையின் பருப்பாகும்.

தடையை நீக்கலாமா

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று தடையை நீக்கலாம் எனப் பரிந்துரைத்ததாக 2016இல் செய்தி வெளியானது. ரத்தன், பிரதீக், மகாதியோரா ஆகிய, நஞ்சு குறைந்த மூன்று வகைகள் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. நாட்டு வகைகளைவிட இவற்றில் ஓ.டி.ஏ.பி. மிகக் குறைவு. உழவர்களும் இதனை வரவேற்றனர். தங்கள் நிலத்தில் விளையும் ஒரே பருப்பைச் சட்டவிரோதப் பொருளாக்குவது அநீதி என்பது அவர்கள் தரப்பு. அது புறந்தள்ளத் தக்கதன்று. தடையால் பயிர் ஒழியவில்லை. கள்ளத்தனமாகக் கலப்படச் சந்தைக்குச் சென்றது. வெளிப்படையாக விற்கப்படும் பொருளுக்குத் தரச் சோதனை உண்டு. ஒளித்துக் கலக்கப்படும் பொருளுக்கு இல்லை.

ஆயினும் புதிய விதை மட்டுமே போதுமானதன்று. ஓ.டி.ஏ.பி. அளவு விதையின் மரபை மட்டும் சார்ந்ததன்று. வறட்சியிலும், துத்தநாகம் குறைந்த மண்ணிலும் அது கூடுகிறது. பஞ்ச காலத்தில், எவரும் அதை மிகுதியாக உண்ண நேரும் அதே காலத்தில், நஞ்சும் கூடுகிறது என்பது இதன் பொருள். தேனீக்களின் வழியாக நாட்டு வகைகளுடன் மகரந்தம் கலப்பதால், சில பருவங்களில் நல்விதையின் தன்மையும் நீர்த்துப்போகலாம். ஆண்டுதோறும் தூய விதையை வாங்கும் வசதி நிலமுள்ள உழவருக்கு இருக்கலாம். நிலமற்றவர் எந்த வகைத் தானியத்தைக் கூலியாகப் பெறுவது என்று தேர்ந்தெடுப்பதில்லை.

எனவே தடை வேண்டுமா, வேண்டாமா என்ற இரண்டில் ஒன்றாக இவ்விவாதத்தைச் சுருக்குவதை நான் ஏற்கவில்லை. எந்த நிபந்தனைகளோடு என்பதே கேள்வி.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

1. எந்த வடிவத்திலும், எந்த அளவிலும், கேசரியையோ கேசரி கலந்த தானியத்தையோ கூலியாக அளப்பது வெளிப்படையாகத் தடை செய்யப்பட வேண்டும். விற்பனைத் தடை தளர்த்தப்பட்டாலும் இத்தடை நீடிக்க வேண்டும்.

2. பதப்படுத்தும் பொறுப்பு வீட்டுப் பெண்களின் தலையில் ஏற்றப்படாமல், புழுங்கவைத்துச் சோதித்த பருப்பே சந்தைக்கு வர வேண்டும். அதற்கான நிலையங்களை மகளிர் கூட்டுறவுகளும் உற்பத்தியாளர் குழுக்களும் நடத்தலாம். அவற்றின் உறுப்பினராகத் தலித், பழங்குடிப் பெண்களுக்கு உறுதியான இடம் வேண்டும்; கழுவும் வேலை ஒருவருக்கும் இலாபம் மற்றொருவருக்கும் என்றாகிவிடக் கூடாது.

3. கேசரியை மாவாக விற்பதை அனுமதிக்கக் கூடாது. முழுப் பருப்பில் நஞ்சை நீக்க முடியும். கலப்படத்தைக் கண்ணால் ஓரளவு அறியவும் முடியும். மாவில் இரண்டும் இயலாது.

4. சத்துணவுக் கூடங்கள், அங்கன்வாடிகள், விடுதிகள் ஆகியவற்றில் மலிவு கருதிக் கேசரியைச் சேர்க்கும் முயற்சியை எதிர்க்க வேண்டும். உண்பவருக்கு மறுக்கும் வாய்ப்பில்லாத இடத்தில் இப்பருப்பைப் பரிமாறினால் என்ன ஆகும் என்பதை வரலாறு காட்டிவிட்டது.

5. பருப்பைத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

6. லத்திரிசத்தால் கால் முடங்கியவர்களை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இயக்கக் குறைபாட்டுப் பிரிவில் சேர்த்துச் சான்றும் உதவித்தொகையும் வழங்க வேண்டும். அவர்கள் கொத்தடிமையாக இருந்தவர்களெனில், விடுதலைச் சான்றுக்கும் மறுவாழ்வு நிதிக்கும் உரியவர்கள்.

ஊட்டச்சத்து, வேளாண்மை, சமூகப்பணி பயிலும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறக்கப்பட்ட பயறுகளைப் பற்றிக் களஆய்வுக்குச் செல்லும்போது, பயறின் புரத அளவையும் நச்சு அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன் அவ்வூரில் கூலி எதில் அளக்கப்படுகிறது, குழாய் எத்தெருவில் முடிகிறது, ஒரு குடம் நீருக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறார்கள், எரிவாயு உருளையை ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்புகிறார்கள் என்ற நான்கு கேள்விகளையும் உங்கள் வினாநிரலில் சேருங்கள். நீங்கள் பரிந்துரைக்கப்போகும் பதப்படுத்தும் முறை அவ்வீட்டில் நடக்குமா, நடக்காதா என்பதை அந்நான்கு விடைகளே சொல்லும்.